ஆங்கிலத்தில் பேசாமையும் மறைகாப்பும்: சொற்களும் மரபுத்தொடர்களும் – ஒரு பொருண்மையியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

பேசாதிருத்தலையும், அறிந்த ஒன்றை வெளியிடாது காத்தலையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் சொற்களையும் மரபுத்தொடர்களையும் இக்கட்டுரை பொருண்மையியல் நோக்கில் ஆராய்கிறது. இவற்றை ஒலி, உறுப்பு, கலன், அறை என்னும் நான்கு அடிப்படைகளில் வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் தமிழாக்கத்தில் எங்கே பொருந்துகிறது, எங்கே பிறழ்கிறது என்பதைக் காட்டுகிறது. இவ்வாங்கிலச் சொற்கள் பேசாமையை வருணிப்பதோடு நில்லாது அதனை மதிப்பிடவும் செய்கின்றன; அம்மதிப்பீட்டைத் தமிழில் தரவல்ல சொற்கள் பெரும்பாலும் பேச்சு வழக்கில் உள்ளன; எழுத்துவழி மொழிபெயர்ப்பு அவற்றை விடுத்து ‘மௌனம்’, ‘இரகசியம்’ என்னும் இரு சொற்களுக்குள் ஒடுங்கிவிடுகிறது என்பன இக்கட்டுரையின் கருதுகோள்கள். இவ்விழப்பு வெறும் நடைக்குறையன்று என்பதை ஆங்கிலச் சட்ட வரலாற்றில் பேசாமை பெற்ற பொருள்மாற்றங்களைக் கொண்டு கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: பேசாமை, மௌனம், இரகசியம், மரபுத்தொடர், கருத்துருவகம், மொழிபெயர்ப்பு, இருமொழி அகராதி, பேசாதிருக்கும் உரிமை.

1. முன்னுரை

ஒருவர் பேசாதிருக்கிறார் என்பது புறத்தே காணப்படும் செய்தி. அவர் ஏன் பேசவில்லை என்பது காண்போர் கொள்ளும் முடிவு. அடக்கம், அச்சம், பிடிவாதம், சினம், மரியாதை, குற்றவுணர்வு, உரிமையுணர்வு என எதுவும் காரணமாகலாம். மொழி இவ்விரண்டையும் பிரித்து வைப்பதில்லை. பேசாமையைப் பெயரிட்டு வழங்கும்போதே அதற்கான காரணத்தையும் அதன்மேல் தன் தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. எனவே பேசாமைச் சொற்களை மொழிபெயர்ப்பவர், தாம் அறியாமலேயே ஒருவர்மேல் தீர்ப்பெழுதும் இடத்தில் நிற்கிறார்.

ஆங்கிலம் இத்துறையில் செழுமையான மொழி. செருமானிய மூலச் சொற்கள், பிரெஞ்சு வழியாகவும் நேரடியாகவும் வந்த இலத்தீன் சொற்கள், அமெரிக்கப் பேச்சுவழக்கில் தோன்றிய தொடர்கள், போர்க்காலப் பரப்புரையில் பரவிய முழக்கங்கள் எனப் பல அடுக்குகள் அதில் உள்ளன. நாளிதழ், நீதிமன்றம், அலுவலகக் கடிதம், புனைகதை ஆகிய எல்லாவற்றிலும் இத்தொடர்கள் நாள்தோறும் தமிழாக்கம் பெறுகின்றன. ஆயின் இவற்றை ஒரு பொருட்புலமாகத் தொகுத்துத் தமிழோடு ஒப்புநோக்கினால்தான் அவற்றின் உள்வேறுபாடுகள் புலனாகும். அதற்கான முயற்சியே இக்கட்டுரை.

2. அணுகுமுறையும் எல்லையும்

ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் இருவரும் 1980இல் வெளியிட்ட நூலில் முன்வைத்த கருத்துருவகக் கோட்பாடும், மைக்கேல் ரெட்டி 1979இல் விளக்கிய ‘குழாய் உருவகம்’ என்னும் கருத்தும் இவ்வாய்வுக்கு அடிப்படை. கருத்து ஒரு பொருள். சொல் அதனை ஏற்றிச் செல்லும் கலன். பேச்சு அதனை மற்றவரிடம் சேர்க்கும் வழி என்று ஆங்கிலம் பேசுவோர் தம்மையறியாது எண்ணுவதை ரெட்டி எடுத்துக்காட்டினார். அவ்வாறாயின் பேசாமை என்பது அவ்வழியை அடைத்தல். மறைகாப்பு என்பது அப்பொருளைக் கலனுக்குள் வைத்திருத்தல். இவ்விரண்டும் தம்முள் வேறானவை. ஓயாது பேசிக்கொண்டே ஒன்றை மறைப்பவர் உண்டு. மறைக்க எதுவுமின்றியே பேசாதிருப்பவரும் உண்டு.

எனவே ஒவ்வொரு தொடரையும் மூன்று வினாக்கள் கொண்டு இக்கட்டுரை அணுகுகிறது. முதலாவது, நிறுத்தி வைக்கப்படுவது பேச்சா, செய்தியா? இரண்டாவது, நிறுத்துவது யாருடைய விருப்பம்: பேசாதவருடையதா, பிறருடையதா? மூன்றாவது, அப்பேசாமையைச் சொல்பவர் போற்றுகிறாரா, பழிக்கிறாரா? இது எண்ணிக்கை அடிப்படையிலான தரவக ஆய்வன்று. நன்கு வழக்கூன்றிய தொடர்களை மாதிரிகளாகக் கொண்ட வகைப்பாட்டாய்வு என்பதே இதன் எல்லை.

3. ஒலி: மூடிய இதழின் சொற்கள்

‘கீப் மம்’ என்பது பேசாதிருத்தலைக் குறிக்கும் எளிய ஆங்கிலத் தொடர். இதிலுள்ள ‘மம்’ என்பது இதழ்களை மூடிக்கொண்டு எழுப்பும் ஒலியைப் போன்மையாகக் கொண்ட சொல். 14ஆம் நூற்றாண்டில் வில்லியம் லாங்லண்ட் இயற்றிய ‘பியர்ஸ் பிளௌமன்’ என்னும் நெடும்பாடலிலேயே இதன் பழைய வடிவம் காணப்படுகிறது. காசைக் காணாத வரையில் வழக்குரைஞர் வாயிலிருந்து அவ்வொலியளவுகூடப் பேச்சு வராது என்னும் அங்கதச் சூழலில் அது ஆளப்பட்டுள்ளது. அங்கே அச்சொல்லுக்கு மிகச் சிறிய ஒலி என்பதே பொருள். வாய் திறவாமல் எழும் கடைசி ஒலியின் பெயர், காலப்போக்கில் ஒலியே இன்மைக்கும் பெயராயிற்று. ஷேக்ஸ்பியரின் ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பகுதியிலும் அச்சொல் இதழ்மூடலோடு சேர்த்தே வருகிறது.

‘மியூட்’ என்னும் சொல்லின் மூலமான இலத்தீன் ‘மூட்டுஸ்’ என்பதிலும் மகரமே முதல். வடமொழி ‘மூக’ என்பதும் இதனோடு இணைத்துக் கருதப்படுகிறது. தமிழிலும் ‘கம்மென்று இரு’, ‘உம்மென்று இருக்கிறாள்’, ‘உம்மணாமூஞ்சி’ போன்ற வழக்குகளில் பேசாமை மகர மெய்யில் முடிகிறது. பகரமும் மகரமும் இதழிரண்டும் பொருந்தப் பிறப்பன எனத் தொல்காப்பியப் பிறப்பியல் கூறும். அவ்விரண்டனுள் மகரம் மூக்கின் வழியே வெளிப்படுவதால், இதழ் மூடியபடியே நீட்டி ஒலிக்கத்தக்கது. வாய் மூடிய நிலையிலும் எழும் ஒலி பேசாமைக்குப் பெயராவது இரு மொழிகளிலும் நிகழ்ந்திருப்பது உடற்கூற்றின் பொதுமையால் ஆவது. கடன்பேறு எனக் கருத வேண்டுவதில்லை. ‘ஹஷ்’ என்னும் ஆங்கில ஒலிக்குறிப்பும் தமிழின் ‘உஷ்’ என்பதும் இத்தகையனவே.

ஒலி ஒத்தாலும் தரம் ஒத்திருப்பதில்லை. ‘மம்’ என்பது பேச்சுத்தன்மை மிக்க சொல். தமிழ் ‘மௌனம்’ என்பதோ ‘முனி’ என்பதன் அடியாகப் பிறந்து, துறவின் பெருமிதத்தை உடன்கொண்டு வந்தது. அமைச்சர் ஒருவர் ஊழல் குறித்து ‘மம்’ ஆக இருக்கிறார் என்னும் ஆங்கிலச் செய்தியை ‘மௌனம் காக்கிறார்’ என்று தமிழாக்கும்போது, ஆங்கிலத்தில் இருந்த எள்ளல் நீங்கித் தமிழில் ஒரு கண்ணியம் ஏறிவிடுகிறது. ‘வாய் திறக்கவில்லை’ என்பதே அங்குப் பொருந்தும்.

இச்சொல் இரண்டாம் உலகப்போரில் அரசுப் பரப்புரையிலும் இடம்பெற்றது. பொதுவிடங்களில் எச்சரிக்கையின்றிப் பேசுவது உயிர்களைப் பலிகொள்ளும் என்னும் பிரித்தானியச் சுவரொட்டித் தொடர் 1940இல் வெளிவந்தது. ஃபூகாஸ் என்னும் புனைபெயர் கொண்ட கெனத் பேர்ட் வரைந்த அப்படங்களில், பேருந்தில் வம்பளக்கும் பெண்களின் பின்னிருக்கையில் ஹிட்லரும் கோரிங்கும் அமர்ந்து கேட்பதாகக் காட்டப்பட்டது. அதே காலத்தில் ‘பி லைக் டாட், கீப் மம்’ என்னும் முழக்கமும் எழுந்தது. ‘மம்’ என்பது பேசாமையையும் அன்னையையும், ‘கீப்’ என்பது காத்தலையும் உணவளித்துப் பேணுதலையும் குறிக்கும் சிலேடை இது. ‘அப்பாவைப் போல வாய்மூடி இரு’ என்பது ஒரு பொருள்; ‘அப்பாவைப் போல அம்மாவை வைத்துக் காப்பாற்று’ என்பது மற்றொரு பொருள். உழைத்துக் குடும்பம் காக்கும் பெண்களை இது இழிவுபடுத்துகிறது என நாடாளுமன்ற உறுப்பினர் எடித் சம்மர்ஸ்கில் அவையில் எதிர்ப்புத் தெரிவித்தார். தமிழில் இச்சிலேடையைப் பெயர்க்க இயலாது. அடிக்குறிப்பிட்டு விளக்குவது ஒன்றே வழி.

4. உறுப்பு: வாய், இதழ், நாக்கு

இரண்டாம் வகைத் தொடர்கள் பேச்சுறுப்பை வாயிலாகவும் பூட்டாகவும் கொள்கின்றன. இதழுக்குப் பொத்தானிடுதல், இதழுக்கு முத்திரையிடுதல், வாய்க்குப் பல்லிணை இழுத்தல் ஆகியவை ஆங்கில வழக்குகள். பொத்தான், அரக்கு முத்திரை, ‘ஜிப்’ என உடையும் கடிதமும் மாறமாற உருவகத்தின் கருவியும் மாறிவருவதை இவ்வரிசை காட்டுகிறது. தமிழ் ‘வாய்ப்பூட்டு’ என்பது கதவின் பூட்டு. இந்திய மொழி இதழ்களைக் கட்டுப்படுத்தி ஆங்கில இதழ்களுக்கு விலக்களித்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை ஆங்கிலத்தில் ‘கேகிங் ஆக்ட்’ என்று பழித்தனர். ‘கேக்’ என்பது வாய்க்குள் திணிக்கப்படும் துணி. பேச்சைத் தடைசெய்யும் இத்தகைய சட்டங்களைத் தமிழ் அரசியல் வழக்கு ‘வாய்ப்பூட்டுச் சட்டம்’ என்றது. சொல்லுக்குச் சொல் பெயர்க்காமல், தமிழுக்கு உரிய உருவகத்தைத் தேர்ந்து பெற்ற வெற்றிக்கு இது நல்ல சான்று.

இவ்வகையில் ஒத்த தோற்றமுடைய சில தொடர்கள் பொருளில் வேறுபட்டு மொழிபெயர்ப்பாளரை இடறச் செய்கின்றன. ‘பைட் ஒன்ஸ் டங்’ என்பது நாக்கைக் கடித்தல். ஆங்கிலத்தில் இது, சொல்ல எழுந்த சொல்லைச் சொல்லாமல் அடக்கிக்கொள்ளுதல். தமிழில் ‘நாக்கைக் கடித்துக்கொண்டான்’ என்றால், சொல்லத்தகாததைச் சொல்லிவிட்ட பின் அதனை உணர்ந்தான் என்று பொருள். முன்னது பேச்சுக்கு முன் நிகழ்வது. பின்னது பேச்சுக்குப் பின் நிகழ்வது. நேர்ப்பெயர்ப்புச் செய்தால் காலமுறையே தலைகீழாகி, ஒன்றும் உளறாத பாத்திரம் உளறியதாகிவிடும். ‘சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான்’ என்பதே ஆங்கிலத் தொடருக்கு இணை.

‘டங்-டைட்’ என்பதும் அத்தகையது. கூச்சத்தாலோ பதற்றத்தாலோ பேச்சு எழாமை அதன் பொருள். அங்கே கட்டுண்டவர் தாமே தம்மைக் கட்டிக்கொண்டவர் அல்லர். தமிழில் ‘வாயைக் கட்டுதல்’ என்பது உணவில் கட்டுப்பாடு கொள்ளுதல். ‘வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி’ என்பது சிக்கனம். ஆகவே ‘நா எழவில்லை’, ‘வார்த்தை வரவில்லை’ என்றே பெயர்க்க வேண்டும். மறுபுறம், ‘டோன்ட் ப்ரீத் எ வர்ட்’ என்பதும் ‘மூச்சு விடாதே’ என்பதும், சுவருக்குக் காது உண்டு என இரு மொழிகளிலும் வழங்கும் எச்சரிக்கையும் வியக்கத்தக்க அளவு ஒத்தவை.

உறுப்பு வகையில் தமிழுக்கே உரிய ஒரு கூறும் சுட்டத்தக்கது. கைகட்டி வாய்பொத்தி நிற்றல் என்பது மேலோர்முன் பேசாமையைப் பணிவின் வடிவாக்குகிறது. வாயருகே கையை வைக்கும் இச்செயலுக்கு ஈடான, பணிவைக் குறிக்கும் மரபுத்தொடர் ஆங்கிலத்தில் வழக்கூன்றவில்லை. ஆங்கிலத்தில் வாயின்மேல் கை வைத்தல் பெரும்பாலும் வியப்பையோ, வலிந்து அடக்குவதையோ குறிக்கிறது.

5. கலன்: இரகசியம் இருக்கும் இடம்

செய்தியை மறைத்தலைக் குறிக்கும் தொடர்களில் ஆங்கிலம் வாயைவிட்டு வீட்டுப்பொருள்களுக்குச் செல்கிறது. இரகசியம் தொப்பிக்கடியில் இருக்கும், சட்டைக்கைக்குள் இருக்கும், அலமாரிக்குள் எலும்புக்கூடாக இருக்கும், பைக்குள் பூனையாக இருக்கும், விரிப்பின் கீழ்க் குப்பையாகத் தள்ளப்பட்டிருக்கும். சீட்டாட்டக்காரர் தம் சீட்டுகளை மார்பை ஒட்டிப் பிடித்திருப்பது, தம் திட்டத்தை வெளியிடாமைக்கு உருவகம். இக்கடைசித் தொடரை ‘நெஞ்சுக்கு நெருக்கமாக’ என்று பெயர்த்தால் தமிழில் அன்பின் பொருள் வந்து பிழைபடும்.

இக்கலன்களைத் தொகுத்து நோக்கினால் ஒரு பொதுமை தெரிகிறது. இரகசியம் ஆங்கிலத்தில் உடைமைப் பொருள். அதனை வைத்திருக்கலாம், பகிரலாம், காட்டிக்கொடுக்கலாம், திருடலாம், விற்கலாம். வணிக இரகசியத்தைச் சட்டம் காக்கத்தக்க ஒன்றாகக் கருதுவதும் இவ்வெண்ணத்தோடு இயைவது. தமிழில் இரகசியம் உடலின் உள்ளிடத்தில் இருக்கிறது. ‘மனத்துக்குள்ளேயே வைத்துக்கொள்’, ‘நெஞ்சோடு புதைத்துவிடு’ என்பன வைக்கும் இடத்தைக் காட்டுகின்றன. ‘உண்மையைக் கக்கினான்’, ‘உளறிக் கொட்டினான்’ என்பன வெளிவரும் விதத்தைக் காட்டுகின்றன. ‘போட்டு உடைத்தான்’ என்பதில் மட்டும் மண்கலம் தோன்றுகிறது. இரகசியம் காக்கத் தெரியாதவர் ‘ஓட்டைவாய்’. அங்கும் கலன் உடலே. ஆங்கிலத்திலும் இருமிக் கக்குதல் போன்ற வழக்குகள் உண்டாதலின், இவ்வேறுபாட்டை மிகுதி பற்றியதாகவே கொள்ளவேண்டும். முற்றான வேறுபாடாகக் கொள்ளுதல் கூடாது.

இவ்வகைத் தொடர்களுக்குச் சொல்லப்படும் தோற்றக் கதைகளை ஆய்வாளர் எச்சரிக்கையுடன் அணுகவேண்டும். பையிலிருந்து பூனையை வெளியே விடுதல் என்பது, சந்தையில் பன்றிக்குட்டி எனச் சொல்லிப் பூனையைப் பையிலிட்டு விற்ற ஏமாற்றிலிருந்து வந்தது என்பர். அவரையைச் சிந்துதல் என்பது, பண்டைக் கிரேக்கர் அவரை கொண்டு வாக்களித்த முறையிலிருந்து வந்தது என்பர். முதல் தொடர் 18ஆம் நூற்றாண்டிலிருந்தும், இரண்டாவது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்க வழக்கிலிருந்துமே சான்று பெறுகின்றன. கிரேக்கத்துக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஈராயிரம் ஆண்டுகள் அத்தொடர் எங்கே வாழ்ந்தது என்று கேட்டாலே கதையின் வலுவின்மை விளங்கும்.

பூனைத் தொடருக்குத் தமிழில் ஒரு மறுபிறவியும் உண்டு. ‘பூனைக்குட்டி வெளியே வந்துவிட்டது’ என்று தமிழ் மேடையும் இதழ்களும் இன்று இயல்பாக வழங்குகின்றன. இப்பெயர்ப்பில் பை மறைந்தது, பூனை குட்டியானது, வெளியே விட்டவர் மறைந்து, பூனைக்குட்டி தானே வெளியே வந்தது. ஆங்கிலத்தில் வெளியிட்டவரின் கவனக்குறைவு முதன்மை பெற, தமிழில் மறைத்தவரின் உள்நோக்கம் அம்பலமாதல் முதன்மை பெறுகிறது. இரகசியத்தைக் குறிக்கும் ‘குட்டு’ என்னும் சொல்லை ஒட்டி முன்னரே வழங்கிய ‘குட்டு வெளிப்பட்டது’ என்னும் வழக்கின் ஒலியும் அமைப்பும் இம்மாற்றத்துக்குத் துணைசெய்திருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு.

6. அறை: மறைவிடமும் அதிகாரமும்

‘சீக்ரெட்’ என்பதன் இலத்தீன் மூலம், பிரித்து ஒதுக்கப்பட்டது என்னும் பொருளுடையது. ‘டிஸ்க்ரீட்’ என்பதும் அதே வினையடியிலிருந்து வந்தது. சலித்துப் பிரித்தல் என்பது அவ்வடியின் பொருள். எதனைச் சொல்லலாம், எதனைச் சொல்லலாகாது எனச் சலித்தறியும் பண்பு ‘டிஸ்க்ரீட்’ ஆயிற்று. சலித்து ஒதுக்கப்பட்டது ‘சீக்ரெட்’ ஆயிற்று. ஒதுக்கப்பட்டவை நம்பி ஒப்படைக்கப்பட்டவர் ‘செக்ரட்டரி’ ஆனார். அமைச்சரவையைக் குறிக்கும் ‘கேபினெட்’ என்பது சிற்றறை. ‘பிரிவி கவுன்சில்’ என்பதில் உள்ள ‘பிரிவி’ என்பது தனிமை, அந்தரங்கம். ஆங்கில ஆட்சிச் சொற்களில் அதிகாரமும் மறைவிடமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தமிழ் இச்சொற்களைப் பெயர்த்தபோது அறைக்கதவைத் திறந்துவிட்டது. ‘காரியதரிசி’ என்பவர் காரியத்தைக் கவனிப்பவர். ‘செயலாளர்’ என்பவர் செயல் ஆள்பவர். ‘அமைச்சரவை’ என்பது அவை. மூன்றிலும் மறைவு இல்லை. இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. ஆயினும் மறைகாப்பு என்னும் கூறு தேவைப்படும் இடத்தில் தமிழ் அதனைத் தனிச்சொல்லாகச் சேர்க்க வேண்டியுள்ளது. இந்திய அரசமைப்பின் மூன்றாம் அட்டவணைப்படி அமைச்சர்கள் பதவியேற்பின்போது எடுக்கும் இரண்டாவது உறுதிமொழி ‘இரகசியக் காப்புப் பிரமாணம்’ எனத் தமிழில் வழங்குவதைக் காண்க. ஆங்கிலப் பெயரில் இல்லாத ‘காப்பு’ என்னும் சொல், தமிழில் கடமையை வெளிப்படையாக்குகிறது.

‘சப் ரோசா’ என்னும் இலத்தீன் தொடரும், அதன் ஆங்கில வடிவமான ‘ரோசாவின் கீழ்’ என்பதும் மறைவாக என்னும் பொருளில் நெடுங்காலமாக ஆங்கிலத்தில் வழங்குகின்றன. காதல் தெய்வமான கியூபிட், அன்னையின் காதல் வெளிப்படாதிருக்க ஹார்ப்போகிரட்டீஸ் என்னும் மௌனத் தெய்வத்துக்கு ரோசாமலரைக் கையூட்டாகத் தந்தான் என்பது கதை. இந்த ஹார்ப்போகிரட்டீஸ் எகிப்தியக் குழந்தைத் தெய்வமான ஹோரஸ். வாயில் விரல் வைத்திருத்தல் எகிப்தியருக்குக் குழந்தைமையின் அடையாளம். கிரேக்கரும் உரோமரும் அதனைப் பேசாதே என்னும் கட்டளையாகப் படித்தனர். ஒரு தெய்வமே தவறான பெயர்ப்பால் மௌனத்துக்கு உரியதாயிற்று என்பது, சைகையும் மொழிபெயர்ப்புப் பிழைக்கு உட்பட்டதே என்பதற்குச் சான்று.

இவ்வகையில் இன்றும் இடர் தருவது ‘இன் கேமரா’ என்னும் சட்டத்தொடர். ‘கேமரா’ என்பது இலத்தீனில் அறை. பொதுமக்களை விலக்கி நடத்தும் விசாரணையையே இத்தொடர் குறிக்கும். பாலியல் வன்கொடுமை வழக்குகளை இம்முறையில் விசாரிக்க 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு வகைசெய்தது. ஆனால் தமிழில் ‘கேமரா’ என்றால் படக்கருவி. ‘இன் கேமரா விசாரணை’ என்று எழுத்துப்பெயர்ப்பாக மட்டும் கேட்கும் ஒரு பெண், தன் வாக்குமூலம் படம்பிடிக்கப்படும் என்றே எண்ண இடமுண்டு. அவளைக் காக்க வந்த சொல்லே அவளை அஞ்சச் செய்யும். ‘மூடிய அறை விசாரணை’ என்னும் எளிய தமிழாக்கத்தின் தேவை இங்கே நடையழகுக்கு அப்பாற்பட்டது.

7. மதிப்பீடு: ஒரே பேசாமைக்குப் பல தீர்ப்புகள்

பேசாதவர் ஒருவரை ஆங்கிலத்தில் ‘டிஸ்க்ரீட்’ எனலாம், ‘ரிசர்வ்ட்’ எனலாம், ‘ரெட்டிசன்ட்’, ‘டேசிட்டர்ன்’, ‘கேஜி’, ‘சீக்ரெட்டிவ்’, ‘ஃபர்ட்டிவ்’ எனவும் கூறலாம். இவ்வரிசை புகழில் தொடங்கிப் பழியில் முடிகிறது. பெர்ட்ரண்டு ரசல் 1948இல் வானொலி நிகழ்ச்சியொன்றில், ஒரே பண்பைத் தன்மையிலும் முன்னிலையிலும் படர்க்கையிலும் வெவ்வேறு மதிப்பீட்டுச் சொற்களால் குறிக்கும் வழக்கத்தை வினைவிகற்பம் போல நகையாகக் காட்டினார். அம்முறையில் நம் பொருளைச் சொன்னால், ‘நான் அடக்கமானவன், நீ அதிகம் பேசாதவன், அவன் அழுத்தக்காரன்’ என்றாகும்.

தமிழிலும் இவ்வளவுகோல் முழுமையாக உள்ளது என்பதை இவ்வெடுத்துக்காட்டே உணர்த்தும். ‘டிஸ்க்ரீட்’ என்பதற்குப் ‘பக்குவமானவர்’, ‘சொல் காப்பவர்’. ‘ரிசர்வ்ட்’ என்பதற்கு ‘அளந்து பேசுபவர்’. ‘கேஜி’ என்பதற்குப் ‘பிடி கொடுக்காதவர்’. ‘சீக்ரெட்டிவ்’ என்பதற்கு ‘அழுத்தக்காரர்’, ‘கமுக்கமான ஆள்’. எவ்வளவு கேட்டும் சொல்லாத பிடிவாதத்துக்குக் ‘கல்லுளிமங்கன்’. ‘அழுத்தக்காரர்’ என்பதில் உள்ள உருவகம் குறிப்பிடத்தக்கது. செய்தியை உள்ளேயே அமுக்கி வைத்திருப்பவர் என்னும் கருத்து அதில் உள்ளது. ‘ஹஷ்-ஹஷ்’ என்னும் ஆங்கிலத் தொடருக்குக் ‘காதும் காதும் வைத்தாற்போல’ என்பது இணை. ஆங்கிலத் தொடர் பேசாதே என்னும் ஒலியை இரட்டிக்கிறது; தமிழ்த் தொடர் செய்தி பரவ வேண்டிய எல்லையைக் காட்டுகிறது. இரு காதுகளுக்கு இடையில் மூன்றாவதற்கு இடமில்லை.

இச்சொற்களுள் பெரும்பாலானவை பேச்சு வழக்கின. எழுத்துத்தமிழில் இவற்றைப் பயன்படுத்தத் தயங்கி, ‘இரகசியமான’, ‘மௌனமான’ என்னும் இரண்டனுள் ஒன்றை இட்டு நிரப்புவது மொழிபெயர்ப்பில் வழக்கமாகிவிட்டது. அதனால் ‘டிஸ்க்ரீட்’ என்னும் புகழ்ச்சியும் ‘சீக்ரெட்டிவ்’ என்னும் பழியும் ஒரே தமிழ்ச்சொல்லைப் பெறுகின்றன. தமிழில் சொல் இல்லாமையால் நேர்ந்த இழப்பன்று இது. இருக்கும் சொல்லுக்கு எழுத்துமொழியில் இடம் மறுத்தமையால் நேர்ந்தது.

8. பேசாமைக்குப் பொருள் தரும் அதிகாரம்

மதிப்பீடு சொல்லளவில் நின்றுவிடுவதில்லை என்பதை ஆங்கிலச் சட்ட வரலாறு தெளிவாக்குகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்னும் வினாவுக்கு மறுமொழி கூறாது நிற்பதை ‘ஸ்டாண்ட் மியூட்’ என்றனர். அவர் வன்மத்தால் ஊமையா, கடவுள் செயலால் ஊமையா என்று முதலில் முடிவு செய்யப்பட்டது. வன்மம் எனத் தீர்மானித்தால், மறுமொழி பெறும்வரை மார்பின்மேல் எடைகளை ஏற்றி அழுத்தினர். சிலர் இறக்கும்வரை பேசவில்லை. மறுமொழி கூறாதவரை விசாரணையில்லை. விசாரணை இன்றேல் தண்டனைத் தீர்ப்பில்லை. தீர்ப்பு இன்றேல் குடும்பச் சொத்து பறிமுதலாகாது என்பது அவர்களிற் சிலர் கொண்ட கணக்கு. அமெரிக்கக் குடியேற்றமான மாசச்சூசெட்ஸின் சேலம் நகரில் 1692இல், சூனியக் குற்றச்சாட்டுக்கு உள்ளான ஏறத்தாழ 80 வயது கைல்ஸ் கோரி இவ்வாறே அழுத்தப்பட்டு உயிர்நீத்தார்.

1772இல் இங்கிலாந்து இக்கொடுமையை நீக்கியது. அதற்கு மாற்றாக, மறுமொழி கூறாமை குற்றத்தீர்ப்புக்கு ஈடாகக் கொள்ளப்பட்டது. 1827இல் வேறொரு சட்டம், மறுமொழி கூறாதவர் குற்றத்தை மறுத்ததாகவே பதிவு செய்ய வழிவகுத்தது. இடையே ஐம்பத்தைந்தே ஆண்டுகள். அதே நீதிமன்றம், அதே பேசாமை. பொருள் மட்டும் ‘ஆம்’ என்பதிலிருந்து ‘இல்லை’ என்பதற்கு மாறியது. 1994ஆம் ஆண்டுச் சட்டமோ, குறிப்பிட்ட சூழல்களில் பேசாமையிலிருந்து எதிர்மறை ஊகம் கொள்ள மீண்டும் இடமளித்தது.

இவ்விவாதத்தின் பழைய முகம் தாமஸ் மோர். எட்டாம் ஹென்றியின் வாரிசுரிமைச் சட்டத்தின்படி உறுதிமொழி ஏற்க மறுத்துச் சிறைப்பட்ட அவர், மறுப்புக்கான காரணத்தைக் கூறாது வாய்மூடியிருந்தார். 1535 ஜூலை 1இல் நடந்த விசாரணையில், அம்மௌனமே தீய எண்ணத்துக்குச் சான்று என்றனர் குற்றஞ்சாட்டியோர். பேசாதிருப்பவர் இசைந்தவராகக் கருதப்படுவார் என்பதே சட்ட மரபு என அவர் எதிர்வாதிட்டார். அவ்வாதம் ஏற்கப்படவில்லை, ஜூலை 6இல் அவர் தலை கொய்யப்பட்டது.

‘மௌனம் சம்மதம்’ என்பது தமிழிலும் பரவலாக வழங்கும் கூற்று. திருமணப் பேச்சில் இது மங்கலமாக ஒலிக்கலாம். விசாரணையில் ஒலித்தால் ஆபத்து. குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தமக்கு எதிராகத் தாமே சாட்சியளிக்குமாறு கட்டாயப்படுத்துவதை இந்திய அரசமைப்பின் 20(3)ஆம் உறுப்பு தடுக்கிறது. நந்தினி சத்பதி வழக்கில் 1978இல் உச்சநீதிமன்றம் அக்காப்பு காவல்துறை விசாரணை நிலைக்கும் உரியது என்றது. இச்சூழலில் ‘ரிமெய்ண்ட் சைலன்ட்’ என்னும் ஆங்கிலத் தொடரைத் தமிழில் எவ்வாறு எழுதுவது? ‘மௌனம் காத்தார்’ என்பது கண்ணியம் சேர்க்கும். ‘மௌனம் சாதித்தார்’ என்பது பிடிவாதம் ஏற்றும். ‘வாய் திறக்கவில்லை’ என்பது எதையோ மறைக்கிறார் என்னும் ஐயம் தரும். ‘வாயடைத்து நின்றார்’ என்பது மறுமொழியின்றித் தோற்றார் எனக் காட்டும். ‘பதில் கூறவில்லை’ என்பது ஒன்றே நிகழ்ந்ததை மட்டும் சொல்வது. ஐந்தும் இலக்கணப்படி சரியான தமிழ்தான். அவற்றுள் நான்கு, நீதிபதிக்கு முன்பே தீர்ப்பளித்துவிடுகின்றன.

9. மொழிபெயர்ப்புக்கும் அகராதிக்கும் சில வரையறைகள்

மேற்கண்ட ஆய்வின் பயனாகச் சில நடைமுறைகளை முன்மொழியலாம். இருமொழி அகராதியில் பேசாமைச் சொற்களுக்குப் பொருள் தரும்போது, அது பேச்சைக் குறிப்பதா செய்தியைக் குறிப்பதா என்பதும், தன்விருப்பா பிறர்விருப்பா என்பதும், புகழா பழியா என்பதும் குறியீடுகளால் காட்டப்பட வேண்டும். உறுப்புசார் தொடர்களுக்கு நேர்ப்பெயர்ப்புத் தருமுன், அதே உறுப்பும் வினையும் தமிழில் வேறு பொருளில் வழங்குகின்றனவா எனச் சரிபார்க்க வேண்டும். பேச்சுவழக்குச் சொற்களை, வழங்கும் வட்டாரமும் நடையும் சுட்டி அகராதியில் சேர்க்க வேண்டும். சட்ட மொழிபெயர்ப்பில் மதிப்பீடற்ற வினையையே ஆளவேண்டும். மரபுத்தொடரைத் தவிர்த்தல் நலம். புனைகதை மொழிபெயர்ப்பில் இதற்கு நேர்மாறாக, மதிப்பீட்டைத் தாங்கிய மரபுத்தொடரையே தேர்தல் வேண்டும்.

10. முடிவுரை

ஆங்கிலப் பேசாமைத் தொடர்கள் இதழின் ஒலியில் தொடங்கி, நாவின் அடக்கத்தையும் கலனின் மறைவையும் கடந்து, அதிகாரத்தின் அறைவரை விரிந்துள்ளன. ஒலி, உறுப்பு வகைகளில் தமிழும் ஆங்கிலமும் உடற்பொதுமையால் நெருங்குகின்றன. ஆயினும் நாக்கைக் கடித்தல் போன்ற போலி ஒப்புமைகள் அங்குதான் மிகுதி. கலன் வகையில் ஆங்கிலம் இரகசியத்தை உடைமையாகவும், தமிழ் அதனை உள்ளத்தின் உறைவாகவும் கொள்ளும் போக்குத் தெரிகிறது. அறை வகையில் தமிழாக்கம் மறைவைக் களைந்து செயலையும் அவையையும் முன்னிறுத்தியுள்ளது.

இவையனைத்திலும் மேலோங்குவது மதிப்பீட்டுக் கூறு. 1772ஆம் ஆண்டுச் சட்டமும் 1827ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரே பேசாமைக்கு எதிரெதிர்ப் பொருள் தந்தன. அவை சட்டங்களாதலின் விவாதித்து மாற்ற முடிந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒரு வினையடியைத் தேர்ந்து தரும் பொருளோ விவாதமின்றியே பதிவேறிவிடுகிறது. தமிழின் பேசாமைச் சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து, மதிப்பீட்டுக் குறிப்புகளுடன் வகைப்படுத்துவது இவ்வாய்வின் அடுத்த படியாக அமையும்.